அறிவு என்னும் வேளை மருந்து

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சர்க்கரை நோய்க்கான மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. நோயைப் பற்றிய விளக்கமும் அதே வாசலுக்கு, அதே ஒழுங்கோடு வந்தாக வேண்டும்.

பெரும்பாலான நோய்களில் மருத்துவர் மருத்துவம் பார்க்கிறார், நோயாளி அதற்கு ஒத்துழைக்கிறார். நீரிழிவிலோ மருத்துவத்தின் பெரும்பகுதியை நோயாளியே தம் வீட்டில், தம் கையால், நாள்தோறும் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. காலையில் எத்தனை இட்லி, மாத்திரை உணவுக்கு முன்பா பின்பா, கொல்லைக்குச் செருப்போடு போவதா வெறுங்காலோடு போவதா, விரத நாளில் ஊசியைப் போடுவதா விடுவதா என்று குடும்பப் பேச்சுபோலத் தோன்றும் இவை ஒவ்வொன்றும் நோயின் போக்கை மாற்ற வல்ல மருத்துவ முடிவுகள். இந்த முடிவுகளை ஆண்டின் 365 நாளும் எடுப்பவர் மருத்துவம் படிக்காத, பல நேரங்களில் பள்ளிப் படிப்பையும் முடிக்க இயலாத ஒரு மனிதர். அவற்றைச் சரியாக எடுப்பதற்கு வேண்டிய அறிவையும் பழக்கத்தையும் துணிவையும் அவருக்கு முறையாகக் கொடுப்பதையே மருத்துவ உலகம் ‘நோயாளிக் கல்வி’ என்கிறது. அது சிகிச்சை முடிந்தபின் நேரம் இருந்தால் செய்யும் உபகாரம் அன்று. சிகிச்சையின் ஓர் உறுப்பு. மாத்திரைக்கு அளவும் வேளையும் இருப்பதுபோல அந்த அறிவுக்கும் அளவும் வேளையும் உண்டு என்பதையும், நடுத் தமிழகத்தின் இரு சிற்றூர் மாவட்டங்களில் அந்த வேளை மருந்தைக் கொண்டுசேர்க்க வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிராமங்களின் மாவட்டங்கள்

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து 2001இல் பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர், 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும் அரியலூரில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். அரியலூரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரும் பெரம்பலூரில் ஐந்தில் நான்கு பேருக்கு மேலும் கிராமவாசிகள். எழுத்தறிவு அரியலூரில் 71 விழுக்காடு, பெரம்பலூரில் 74 விழுக்காடு. அப்போது மாநிலச் சராசரி 80. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூரின் மானாவாரி நிலங்கள், செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகள், கொள்ளிடக் கரையில் திருமானூரின் நெல் வயல்கள், அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் ஆகியவையே இம்மக்களின் பிழைப்புக்களங்கள்.

நீரிழிவு நகரத்து நோய், உட்கார்ந்து உண்பவரின் நோய் என்ற பழைய எண்ணம் இத்தகைய நிலப்பகுதிக்கு இனிப் பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ‘இண்டியாப்’ என்னும் நாடு தழுவிய ஆய்வின் முழு முடிவுகள் 2023இல் வெளிவந்தபோது, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவும், 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதன் வாசற்படியான முன்நீரிழிவும் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. முன்நீரிழிவு என்பது இரத்தச் சர்க்கரை இயல்பைவிட உயர்ந்து, ஆனால் நோயின் எல்லையைத் தொடாத நிலை. பேச்சுவழக்கில் ‘பார்டர் சுகர்’ என்பது இதுவே.

கேள்விப்பட்டவரும் விளங்கிக்கொண்டவரும்

அதே ‘இண்டியாப்’ ஆய்வின் முதல் கட்டம் 2008 முதல் 2010 வரை தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் நடந்தது. நோயின் பரவலை அளந்ததோடு மக்களின் நோயறிவையும் அது அளந்தது. கேட்கப்பட்ட 14,274 பேரில் நீரிழிவு என்று ஒரு நோய் உண்டு என்பதைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் 43.2 விழுக்காட்டினர் மட்டுமே, நகரத்தில் 58.4, கிராமத்தில் 36.8. நோய் எதனால் வருகிறது, தடுக்க முடியுமா, எந்த உறுப்புகளைப் பாதிக்கும் என்ற கேள்விகளின் அடிப்படையில் மதிப்பெண் வழங்கப்பட்டபோது, பொதுமக்களிடையே தமிழ்நாடு 31.7 பெற்று முதலிடத்திலும் ஜார்க்கண்ட் 16.3 பெற்றுக் கடைசியிலும் நின்றன. ஆனால் தமக்கு நீரிழிவு இருப்பதை அறிந்த நோயாளிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது தமிழ்நாட்டின் இடம் தலைகீழாயிற்று: மகாராஷ்டிர நோயாளிகள் 70.1 பெற்று முதலிடம் வகிக்க, தமிழ்நாட்டு நோயாளிகள் 56.5 பெற்றுக் கடைசியில் நின்றனர்.

இந்த முரண் ஆழ்ந்து எண்ணத்தக்கது. பொதுமக்கள் அதிகம் அறிந்த மாநிலத்தில் நோயாளிகள் குறைவாக அறிந்திருப்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. நோயைக் கண்டறியும் வசதி குறைந்த இடங்களில், படித்தவரும் வசதியுள்ளவரும் மட்டுமே தமக்கு நோய் இருப்பதை அறிந்துகொள்கின்றனர். ஆகவே அங்கே ‘அறிந்த நோயாளி’ என்பவர் பெரும்பாலும் கற்றவராக இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊர்தோறும் பரவிய தமிழ்நாட்டிலோ கூலி வேலை செய்பவருக்கும் எழுத்தறியாத மூதாட்டிக்கும்கூட நோய் கண்டறியப்பட்டுவிடுகிறது. அவ்வாறு கொண்டால் அந்த 56.5 நோயாளிகளின் குறையைக் காட்டவில்லை. சோதனை சென்று சேர்ந்த தொலைவுக்கு விளக்கம் சென்று சேரவில்லை என்பதைக் காட்டுகிறது. இதற்கும் முன்பு, சென்னையில் 26,001 பேரிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவு உள்ளவர்களிலேயே 40.6 விழுக்காட்டினர்தாம் இந்நோய் பிற உறுப்புகளைப் பாதிக்கும் என்று அறிந்திருந்தனர். மருத்துவமனைகள் நிறைந்த தலைநகரிலேயே நிலை இதுவானால், வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் உள்ள நோயாளிக்கு அதைவிட அதிகமாக யாரேனும் எடுத்துச் சொல்லியிருப்பார்கள் என்று கருத இடமில்லை.

பெயர் தரும் மயக்கம்

நோயாளிக் கல்வி வெற்றுப் பலகையில் எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு நோயாளியிடமும் முன்பே ஒரு விளக்கம் இருக்கிறது, அது பெரும்பாலும் நோயின் பெயரிலிருந்தே பிறக்கிறது. நீரிழிவு என்ற நூல்வழக்குச் சொல் சிறுநீர் மிகுதியாகக் கழிவதைச் சுட்டுகிறது; ‘சர்க்கரை வியாதி’ என்றும் ‘சுகர்’ என்றும் வழங்கும் பேச்சுவழக்கோ, சர்க்கரை தின்றதால் வந்த நோய், சர்க்கரையை விட்டால் தீரும் நோய் என்ற எண்ணத்தை ஊட்டிவிடுகிறது. அதனால் தேநீரில் சர்க்கரையை நிறுத்தியவர், தட்டு நிறையச் சோறு உண்பதில் குற்றம் காண்பதில்லை. வெல்லமும் கருப்பட்டியும் தேனும் ‘இயற்கை’ என்பதால் தீங்கற்றவை என்று நம்புகிறார். சோறும் களியும் வயிற்றில் செரித்து குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகவே இரத்தத்தில் கலக்கின்றன என்பதும், உடல் அதைப் பயன்படுத்த இன்சுலின் என்னும் சுரப்புநீர் தேவை என்பதும், அச்சுரப்பு போதாமையோ அது வேலை செய்யாமையோதான் நோய் என்பதும் முதற்பாடமாகச் சொல்லப்பட வேண்டியவை. இந்தியர் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று ‘இண்டியாப்’ ஆய்வின் உணவுப் பகுதி கண்டிருக்கும் நிலையில், தேநீர்க் கோப்பையைவிடச் சோற்றுத் தட்டே கவனத்திற்கு உரியது. வரகும் கம்பும் கேழ்வரகும் தவிடு நீங்காமல் அளவோடு உண்ணப்படும்போது நல்லவை; அவற்றையே நைய அரைத்துக் கூழாக்கி அளவின்றிக் குடித்தால் அவையும் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

இரண்டாவது மயக்கம் எண்ணைப் பற்றியது. ‘முந்நூறு இருந்தது, மாத்திரை போட்டேன், நூற்றுமுப்பதுக்கு வந்துவிட்டது, சரியாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்திவிடுவது ஊர்தோறும் காணப்படும் வழக்கம். காய்ச்சல் தணிந்தால் மருந்தை நிறுத்தும் நெடுநாள் பழக்கத்தின் நீட்சி இது. நீரிழிவில் குறைந்த எண் என்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சான்றேயன்றி நோய் நீங்கியதற்குச் சான்றாகாது. மேலும் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் காணும் எண் அந்தக் கணத்தின் அளவு மட்டுமே. வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு எனக் கொள்ளப்படும். இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் உயிர்வாழ்பவை. அக்காலத்தில் அவற்றில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால் ‘ஹெச்பிஏ1சி’ என்னும் சோதனை, சென்ற மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டிவிடுகிறது. சோதனைக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்பது இந்த எண்ணை ஏமாற்றாது. இது 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு. பெரும்பாலான நோயாளிகளுக்கு 7க்குக் கீழ் வைத்திருப்பது இலக்கு. இங்கிலாந்தில் 1998இல் முடிவுகள் வெளியான நெடுங்கால ஆய்வின் தரவுகள், இவ்வெண்ணில் 1 புள்ளி குறைவு, கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்ணிய இரத்தக்குழாய்ப் பாதிப்பில் 37 விழுக்காடு குறைவோடு தொடர்புடையதாகக் காட்டின.

மூன்றாவது மயக்கம் மருந்தின் மீதான அச்சம். மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், இன்சுலின் ஊசி கடைசிக் கட்டம், ஒருமுறை போட்டால் விட முடியாது என்பன திண்ணைதோறும் கேட்கும் நம்பிக்கைகள். சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமுமே. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுற்றிருந்தால் சில மாத்திரைகளை மருத்துவர் மாற்றவோ நிறுத்தவோ வேண்டியிருப்பதால் காரணமும் விளைவும் இடம் மாறித் தோன்றுகின்றன. பாகற்காய், வெந்தயம், நாவல் கொட்டை, சர்க்கரைக்கொல்லி எனப்படும் சிறுகுறிஞ்சான் ஆகியவற்றின் மீது மக்களுக்கு உள்ள மதிப்பை ஏளனம் செய்து எவரையும் கற்பிக்க இயலாது. அவற்றை உண்பதை மருத்துவரிடம் மறைக்காதீர், அவற்றுக்காக மாத்திரையை நிறுத்தாதீர் என்று சொல்வதே பயன் தரும் கல்வி.

நிலமும் காலும் நோன்பும்

பாடநூல் அறிவு ஓர் ஊரின் வாழ்வோடு பொருந்தும்போதுதான் பயன்படும் அறிவாகிறது. நீண்டகாலம் உயர்ந்திருக்கும் சர்க்கரை நரம்புகளைச் சேதப்படுத்தும்போது, பாதத்தில் முதலில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றி, பின்னர் உணர்வே அற்றுப்போகிறது. வலி என்பது உடலின் காவலாளி. காவலாளி இல்லாத வீட்டில் திருடன் நுழைவதுபோல, உணர்விழந்த பாதத்தில் கருவேல முள் தைத்தாலும் சித்திரை வெயிலில் காய்ந்த செம்மண் சுட்டாலும் அவருக்குத் தெரிவதில்லை. இரத்த ஓட்டமும் குறைந்த காலில் அந்தச் சிறு புண் அழுகிப் பெருகி, விரலையோ பாதத்தையோ வெட்டியெடுக்கும் நிலைக்குக் கொண்டுசெல்கிறது. நாள்தோறும் இரவில் பாதத்தின் அடிப்பகுதியையும் விரலிடுக்கையும் பார்ப்பது, குனிய முடியாதவர் கண்ணாடியை வைத்தோ பேரப் பிள்ளையைக் கொண்டோ பார்ப்பது, உள்ளே கல் இருக்கிறதா என்று தட்டிவிட்டுச் செருப்பை அணிவது, மென்மையான உள்தளம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பைப் பயன்படுத்துவது, காலாணியைத் தாமே பிளேடால் அறுக்காதிருப்பது ஆகிய ஐந்தும் ஏறக்குறையச் செலவற்ற பழக்கங்கள். இவற்றால் காக்கப்படக்கூடிய கால்கள் பல.

இப்பகுதி மக்களின் பக்தி வாழ்வும் இந்தக் கல்விக்குள் அடங்கியாக வேண்டும். பெரம்பலூர், அரியலூர் ஊர்களிலிருந்து சமயபுரம் மாரியம்மனுக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை செல்வோர் பலர். அம்மன் கோயில் விழாக்களில் தீமிதியும் உண்டு. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு முதல் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் அம்மனே பச்சைப்பட்டினி விரதம் இருப்பதாகக் கொள்ளும் மரபில், பக்தர்களும் உணவைச் சுருக்கி விரதம் இருக்கின்றனர். லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் ரமலான் மாதம் முழுவதும் நோன்பு. சல்போனைல்யூரியா வகை மாத்திரைகளும் இன்சுலினும், உணவு வராத வேளையிலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருப்பவை. விரதமோ நோன்போ தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத் தெரியாதவர், பக்தியின் பெயரால் தாழ்சர்க்கரை என்னும் ஆபத்தை ஏற்கிறார்.

தாழ்சர்க்கரை என்பது இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கும் நிலை. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கடும் பசி, கண் இருட்டல், குழறும் பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, கஞ்சி வருவதற்கு முன்பே வெங்காயம் அறுக்கப் போகிற பெண்ணுக்கும், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டு உணவு வேளையைத் தள்ளிப்போடும் ஓட்டுநருக்கும் இது நேரக்கூடும். வெயிலால் வந்த மயக்கம் என்று கருதி நிழலில் படுக்க வைத்துவிட்டால் பொன்னான நேரம் போய்விடுகிறது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து, தெளியாவிட்டால் மீண்டும் குடித்து, பிறகு உணவு உண்பதே முறை. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளி தம் சுருக்குப்பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் வைத்திருக்க வேண்டும் என்பது கேட்பவருக்கு முரணாகத் தோன்றலாம். ஆனால் நோயைச் சரியாக விளங்கிக்கொண்டவருக்கு மட்டுமே அந்த முரண் அவிழ்கிறது என்பதால், கல்வி சென்று சேர்ந்ததா என்பதற்கு அந்தப் பொட்டலமே நல்ல உரைகல்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினைக் காப்பதும் இவ்வகை அறிவே. திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைப்பது விதி. பயன்பாட்டில் உள்ள குப்பியை, ஈர மணல் நிரப்பிய பெரிய மண்சட்டிக்குள் ஒரு சிறு பானையை அமர்த்தி, அதற்குள் உறையோடு வைத்து நிழலில் பாதுகாக்கலாம். தண்ணீர்ப் பானையின் குளிர்ச்சியை அறிந்த மக்களுக்கு இதை ஒருமுறை காட்டினாலே போதும்.

பாஸ்டன் முதல் இராயபுரம் வரை

நோயாளியே தம் மருத்துவத்தைக் கற்க வேண்டும் என்ற சிந்தனை இன்சுலினைவிட மூத்தது. இன்சுலின் 1921இல் டொராண்டோவில் கண்டறியப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே, 1918இல், பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜோஸ்லின் மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்துவதற்கான கையேட்டை வெளியிட்டிருந்தார். அவரிடம் பயின்ற போர்ச்சுகல் மருத்துவர் எர்னஸ்டோ ரோமா, ஏழை நோயாளிகள் இன்சுலினைப் பெறவும் அதைத் தாமே செலுத்தக் கற்கவும் 1926இல் லிஸ்பனில் ஒரு சங்கம் நிறுவினார். உலகின் முதல் நீரிழிவுச் சங்கம் அதுவே. மருந்தை இலவசமாகக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைக் கையாளும் அறிவையும் உடன் கொடுக்க வேண்டும் என்பதை உலகம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஏழைகளிடமிருந்து கற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கி, 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையை நிறுவினார்.

அதன் பின்வந்த ஆய்வுகளில் இரண்டு இங்கே சிறப்பாக நினைக்கத்தக்கவை. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், முன்நீரிழிவு உள்ளவர்களில் பொது அறிவுரை மட்டும் பெற்றவருள் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளராயினர். உணவு, நடை பற்றித் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவருள் அது 39.3 விழுக்காடு. அவரது குழுவே 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 537 ஆண்களுள் ஒரு பகுதியினருக்குக் கைபேசியில் குறுஞ்செய்திகளை இரண்டாண்டு காலம் தொடர்ந்து அனுப்பியபோது, நோய் பிடித்தோர் அளவு 27லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இரு ஆய்வுகளிலும் வேலை செய்தது புதிய மருந்தன்று. திரும்பத் திரும்ப வந்த சொல்.

எத்தனை வேளை, எவ்வளவு அளவு?

திரும்பத் திரும்ப என்பதற்கு ஓர் அளவும் சொல்லப்பட்டிருக்கிறது. நீரிழிவுக் கல்வியைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, கல்வி முடிந்த உடனே ஹெச்பிஏ1சி 0.76 புள்ளி குறைவதையும், ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் அந்த நன்மை 0.26 புள்ளியாகத் தேய்ந்துவிடுவதையும், கற்பிப்பவரோடு நோயாளி செலவிடும் நேரம் கூடக்கூட நன்மையும் கூடுவதையும், ஏறத்தாழ 23.6 மணி நேரத்துக்கு 1 புள்ளி குறைவு கிடைப்பதையும் கண்டது. மருந்தைப்போலவே கல்விக்கும் அளவுக்கேற்ற பயன் உண்டு என்பதும், மருந்தைப்போலவே நிறுத்தினால் பயன் தேயும் என்பதும் இதனால் தெளிவாகின்றன. ஒருமுறை முகாம் நடத்தி, ஒருமுறை துண்டறிக்கை கொடுத்து, ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14ஆம் நாள் உலக நீரிழிவு தினப் பேரணி நடத்திவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவது, ஒரே ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு நோயாளியை அனுப்பிவிடுவதற்கு ஒப்பாகும்.

இந்த அளவை நடைமுறையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பல நாடுகளை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் ஏறத்தாழ 2 நிமிடம் என்று கணித்தது. மாதம் ஒருமுறை மருத்துவரைக் காணும் நோயாளிக்கு அது ஆண்டுக்கு 24 நிமிடம். அந்த நேரம் முழுவதும் கல்விக்கே செலவானாலும் 23.6 மணி நேரம் நிறைவுற 59 ஆண்டு ஆகும். இது மருத்துவர்களின் மீது சாட்டும் குற்றமாகாது. நெரிசல் மிக்க புறநோயாளிப் பிரிவில் அவர்களால் இயன்றது அவ்வளவே. ஆகவே கல்வி வேறொருவர் வழியாக, வேறோர் இடத்தில் நடந்தாக வேண்டும்.

வாசலில் தொடங்கும் பள்ளி

அந்த வேறொருவர் ஏற்கெனவே வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, தொடர் நோயாளிகளுக்கு மாத்திரைகளை வழங்குகின்றனர். ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு 2024ஆம் ஆண்டுக்கான விருதை இத்திட்டத்துக்கு வழங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த இப்பெண்கள் அதே மண்ணைச் சேர்ந்தவர்கள். எந்த வீட்டில் யார் சமைக்கிறார், எவருக்குச் சோறு குறைத்தால் சண்டை வரும், எந்தக் கிழவர் மாத்திரையைத் தலையணைக்கடியில் சேர்த்து வைக்கிறார் என்பன மருத்துவருக்குத் தெரியாவிட்டாலும் இவர்களுக்குத் தெரியும். இவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் மாதம் கால் மணி நேரமும், ஊருக்கு ஒரு குழுக் கூட்டமாக மாதம் ஒரு மணி நேரமும் கல்விக்கு ஒதுக்கினால், ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 15 மணி நேரம் கிடைக்கும். இரண்டு ஆண்டுக்குள் அந்த 23.6 மணி நேரம் நிறைந்துவிடும். அதற்கேற்ற பயிற்சியும் ஊக்கத்தொகையும் அவர்களுக்குத் தரப்பட வேண்டும், ஒவ்வொருவரும் செல்ல வேண்டிய வீடுகளின் எண்ணிக்கை குறைக்கப்பட வேண்டும் என்பதும் இக்கணக்கின் பகுதியே.

பாடத்திட்டத்தையும் இந்த மண்ணின் ஆண்டுச் சுழற்சியைக் கொண்டே அமைக்கலாம். தையில் பொங்கலும் கரும்பும் வரும்போது மாவுச்சத்தும் வெல்லமும். மாசி, பங்குனியில் விரதமும் பாதயாத்திரையும். சித்திரை, வைகாசியில் வெயில், பாதம், இன்சுலின் காப்பு. தீமிதி நடக்கும் மாதங்களில் மரத்துப்போன காலின் ஆபத்து. அறுவடைக் காலத்தில் தாழ்சர்க்கரை. மழைக்காலத்தில் ஈரக்காலில் வரும் புண்ணும், காய்ச்சல் நாளில் மாத்திரையை எவ்வாறு தொடர்வது என்பதும். ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடம், சுய உதவிக் குழுக் கூட்டம், நியாயவிலைக் கடை வரிசை ஆகியவை இதற்கான வகுப்பறைகள். எழுத்தறியாதவருக்குத் துண்டறிக்கை பயன்படாது. அரைத் தட்டுக் காய்கறி, கால் தட்டுப் பருப்போ முட்டையோ மீனோ, கால் தட்டுச் சோறு என்று அவர் உண்ணும் தட்டிலேயே வகுத்துக் காட்டுவது பயன்படும். குறுஞ்செய்திக்குப் பதிலாக, அவ்வூர்ப் பேச்சிலேயே பதிவு செய்த குரற்செய்தியை அனுப்பலாம். சமைப்பவரையும் உடன் அமர்த்தாத கல்வி பாதிக் கல்வியே. அவ்வாறே, வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சிய சோற்றை மட்டும் உண்ணும் பெண்ணே நோயாளியாக இருக்கும்போது, காயும் பருப்பும் அவர் தட்டுக்கும் எட்ட வேண்டும் என்பதை வீட்டார் அனைவருக்கும் சொல்ல வேண்டும்.

கிராமத்தில் இது நடக்குமா என்ற ஐயத்துக்கு அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேடு விடை தந்திருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2006இல் அங்கே தொடங்கிய திட்டம், 42 கிராமங்களில் நடமாடும் மருத்துவ ஊர்தி, செயற்கைக்கோள் வழித் தொலைமருத்துவம், ஊர் இளைஞர்களைக் கொண்ட விழிப்புணர்வுப் பணி, கிராமத்திலேயே குறைந்த செலவில் சிகிச்சை நிலையம் ஆகியவற்றை ஒன்றிணைத்தது. அங்குச் சிகிச்சை பெற்றோரின் சராசரி ஹெச்பிஏ1சி ஓராண்டில் 9.3லிருந்து 8.5 ஆகக் குறைந்தது, மேல்சிகிச்சைக்கு நகரம் செல்ல வேண்டியவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரம்பலூர், அரியலூர் பகுதிக்கு இன்று அதைவிட வலுவான அடித்தளம் உண்டு: ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்களுக்கான பிரிவுகள் இயங்குகின்றன, 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இக்கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகள் சுற்றியுள்ள ஊர்களைத் தத்தெடுத்து, நோயாளிகளின் அறிவை ஆண்டுதோறும் அளந்து, எது விளங்கவில்லையோ அதை அடுத்த ஆண்டின் பாடமாக்கினால், நோயாளிக் கல்வி ஊகத்திலிருந்து ஆய்வுக்கு உயரும்.

அளப்பதற்கு எளிய முறை ஒன்று உண்டு. சொன்னதைக் கேட்டவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்வதே அது. ‘விளங்கிற்றா’ என்று கேட்டால் எவரும் தலையசைப்பார். ‘மயக்கமாக வந்தால் முதலில் என்ன செய்வீர்கள், இன்று பாதத்தைப் பார்த்தீர்களா, சர்க்கரை குறைந்தால் மாத்திரையை நிறுத்தலாமா’ என்று கேட்டால் விளங்கியதும் விளங்காததும் வெளிப்பட்டுவிடும். தலையசைப்பு, சொன்னவருக்கு நோயாளி காட்டும் மரியாதை. திருப்பிச் சொன்ன விடையே அவரிடம் சேர்ந்த அறிவு.

தமிழ்நாட்டில் 2020இல் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பு, நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கே சர்க்கரை கட்டுக்குள் இருந்ததைக் கண்டது. மருந்து வாசலுக்கு வரத் தொடங்கியபின் நடந்த இரண்டாம் சுற்றில் அது 16.7 விழுக்காடாக உயர்ந்தது. இந்த ஏற்றம் போற்றத்தக்கது. ஆயினும் அதன் பொருள், நீரிழிவு உள்ள ஆறு பேரில் இன்னும் ஒருவருக்கே சர்க்கரை கட்டுப்பட்டிருக்கிறது என்பதே. மாத்திரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. எஞ்சிய ஐவருடைய வீட்டுக்கும் தன்னார்வலர் இந்த மாதமும் செல்வார். மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுத்தபின் அந்தத் திண்ணையில் கால் மணி நேரம் அமர்ந்து, அந்த மூன்று கேள்விகளைக் கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்க அவருக்கு நேரமும் பயிற்சியும் உரிமையும் அளிப்பதே இனி எஞ்சியிருக்கும் மருத்துவம்.